காற்று இல்லாத கிழமைகள்: யாழ்ப்பாணக் கரைகளில் சித்திரை மீன்பிடி

ஏப்ரல் 11, பண்ணை

யாழ்ப்பாணத்தில் இப்போது காற்று இல்லை. வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடை மாசியோடு அடங்கிவிட்டது. தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்ப வைகாசி ஆகும். நடுவில் கிடைக்கிற இந்தக் கொஞ்சக் கிழமைகளில்தான் குடாநாட்டின் எல்லாக் கரைகளிலும் ஒரே காலத்தில் கடலில் இறங்கலாம். மற்ற மாதங்களில் வடக்குக் கரை படுத்துக் கிடந்தால் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், இல்லாவிட்டால் மறுபக்கமாக நடக்கும். இந்தக் காலத்தில் வந்து கரை கரையாகப் பார்க்க வேண்டும் என்று கனநாள் ஆசை. திருகோணமலையிலிருந்து தூண்டில் தடியையும் கட்டிக்கொண்டு விடிய வெள்ளென பஸ் ஏறி வந்தேன். அன்றன்று கண்டதை இரவில் எழுதிப் போடுகிறேன்.

எங்கள் ஊர்க் கடலை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு பெரும் பள்ளம் நுழைந்து கிடக்கிறது, கொஞ்சத் தூரம் போனாலே அடி தெரியாத ஆழம். இங்கே பாக்குக் குடா பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. நகரத்துக்கு முன்னால் கிடக்கும் கடனீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் வலை பார்க்கிறார்கள். ஆழமில்லாத தண்ணீர் சித்திரை வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது. வருடத்தில் கடல் மிகவும் சூடாக இருப்பது இப்போதுதான், மேல்மட்டத்தில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் பகலில் மீன் ஆழமான ஓடைகளுக்கு ஒதுங்கிவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் கரைப்பக்கம் மேய வரும். ஆகவே காலை ஒன்பது மணிக்குப் பிறகு பின்னேரம் நாலு மணி வரை தூண்டிலை எடுக்காமல் நிழலில் இருப்பதே புத்தி.

பின்னேரம் கோட்டையைத் தாண்டிப் பண்ணைத் தெருவுக்குப் போனேன். கடனீரேரியைக் குறுக்கே வெட்டிப் போகிற இந்தத் தெருவில், பாலத்துக்கும் மதகுகளுக்கும் கீழேதான் தண்ணீர் ஓட வழி இருக்கிறது. நான் ஒரு நல்ல இடம் என்று நினைத்து மதகுக்கு எட்ட நின்று எறிந்துகொண்டிருந்தேன். கைத்தங்கூசியோடு (தடியில்லாத தூண்டில் நூல்) குந்தியிருந்த ஒரு ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“தம்பி, தண்ணி ஓடாத இடத்தில மீனைத் தேடாதையும். மதகு வாயில போடும். பெருக்கு ஏறேக்கை உள்ளுக்கு வரும், வத்தேக்கை வெளியில போகும். ரெண்டு நேரமும் இந்த வாயாலதான் போகவேணும்.”

இந்தப் பக்கத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பறுவ (பௌர்ணமி) நாட்களில்கூட ஒரு மீற்றரைத் தொடாது. ஆனால் இவ்வளவு தட்டையான நிலத்தில் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே பெரும் பரப்பு நனைகிறது, அந்தத் தண்ணீர் முழுவதும் நாலைந்து வாய்களால் போய் வருகிறது. ஐயா சொன்ன இடத்தில் இறால் துண்டைக் கோத்துப் போட்டேன். இருட்டுவதற்குள் இரண்டு சின்ன விளைமீனும் ஒரு சீலாவும் வந்தன. விளைமீன்கள் கையகலம்கூட இல்லை, திருப்பி விட்டுவிட்டேன். ஐயா சிரிக்கவில்லை. “நல்லது” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 12, குருநகர், பாஷையூர்

ஐந்தரைக்கெல்லாம் குருநகர் இறங்குதுறையில் நின்றேன். வெளிச்சம் வரும்போது வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து கட்டின. மீன் குவியலைச் சுற்றி ஆட்கள் கூடினதும் ஏலம் கூறுகிறவர் தொடங்கிவிடுகிறார். அவர் வாயிலிருந்து விலை வருகிற வேகத்துக்கு என் காது போகவில்லை. ஒட்டி, ஓரா, திருக்கை, கொஞ்சம் கணவாய் கிடந்தன. இறால் குறைந்துவிட்டது. மாரித் தண்ணீரோடு கடனீரேரிக்குள் வந்து வளர்ந்த இறாலின் காலம் முடிகிற நேரம் இது. மழை நின்று வெயில் ஏற ஏற, ஒதுக்குப்புறங்களில் தண்ணீர் வற்றி உப்பு கூடிவிடுகிறது.

இப்போது காசு நண்டில். நீலக்கால் நண்டு பெரும்பாலும் கம்பனிகளுக்குப் போய், அங்கே இறைச்சி எடுக்கப்பட்டு வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. கரையில் வலைகளை விரித்துப்போட்டுப் பெண்கள் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். வலையை அறுக்காமல், காலை முறிக்காமல், கடியும் வாங்காமல் எடுக்க வேண்டும். கால் முறிந்த நண்டுக்கு விலை பாதியாக விழும். ஒரு அக்கா என்னோடு கதைத்தபடியே கை நிற்காமல் கழற்றினார். அவருக்கு முன்னால் தனியாக ஒரு வாளி. அதற்குள் வயிற்றில் செம்மஞ்சள் முட்டை ஒட்டிய சினை நண்டுகள்.

“இதுகளைத் திருப்பிக் கடலுக்குள்ள விடப்போறம். எல்லாரும் விடுறதில்லைத் தம்பி. இவர் விடுவார்” என்று வள்ளத்தில் நின்ற கணவரைக் காட்டினார்.

ஒரு சினை நண்டின் வயிற்றில் இலட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது. அதை விற்றுக் கிடைக்கிற காசு, அடுத்த வருட வலைக்குள் கை விட்டு எடுக்கிற காசு. சட்டம் வந்து சொல்லும்வரை காத்திராமல் இதை ஒரு வாளி வைத்துச் செய்கிற அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பாஷையூர் அந்தோனியார் கோயிலடியில் வைத்து இரண்டு தம்பிமாரோடு கடலட்டைப் பண்ணைகள் பற்றிக் கதைத்தேன். கடனீரேரியிலும் தீவுப் பக்கத்திலும் வலை அடைப்புகள் கூடிவிட்டன. ஒருவருக்கு அதில் வேலை இருக்கிறது, வருமானம் நிச்சயம் என்கிறார். மற்றவரின் அப்பா களங்கண்டி கட்டுகிறவர், அதாவது தண்ணீரில் தடி நட்டு வலை கட்டி, ஓட்டத்தோடு வருகிற இறாலையும் மீனையும் மறித்துப் பிடிக்கிறவர். ஓட்டம் மறிபடுகிறது, இறால் வருகிற பாதையில் அடைப்பு நிற்கிறது என்கிறார். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் வந்திருந்தார்கள். எனக்குக் களங்கண்டிக்காரரின் பக்கம்தான் நியாயம் கூடவாகத் தெரிகிறது. ஓட்டத்தை நம்பி வாழ்கிற தொழில் ஏற்கனவே இருக்கிற இடத்தில், புதிதாக வருவதுதான் இடம் பார்த்து வரவேண்டும்.

இரவுக்கு மாமி வீட்டில் கூழ். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) கரைத்து, நண்டு, இறால், திருக்கை, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டு, பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் விட்டுப் பெரிய பானையில். கரண்டியாக மடித்த முதல் பிலாவிலையோடு வியர்க்கத் தொடங்கியது.

ஏப்ரல் 13, நெடுந்தீவு

காலைப் படகில் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவு. ஒரு மணித்தியாலம் போல. கண்ணாடித் தண்ணீர். ஆனி ஆடியில் இதே பாதையில் சோழகம் அடிக்கும்போது படகு ஓடாமல் நிற்கிற நாட்களும் உண்டு என்று பக்கத்தில் இருந்த ஆசிரியை சொன்னார். அவருக்கு இந்தக் காலம் என்றால் நனையாமல் பள்ளிக்கூடம் போகிற காலம்.

தீவின் கரை முருகைக்கல், அதாவது பவளப்பாறை. ஆழமில்லாத தண்ணீருக்கடியில் கல்லும் புல்லும் மாறிமாறிக் கிடக்கின்றன. புல் அறுந்து கரையில் ஒதுங்கிய சாதாழை முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. தோட்டக்காரர் பசளைக்கு அள்ளுவதும் இதைத்தான். ஓராவும் ஒட்டியும் மேய்வது இந்தப் புல்லில். இறால் குஞ்சும் கணவாயும் ஒளிவது இதற்குள். ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கு இதுதான் முக்கிய சாப்பாடு. பாக்குக் குடாவின் மீன் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் புல்லைத்தான் காட்டுவேன்.

வெயில் ஏறுமுன் கல்லுகளின் விளிம்பில் எறிந்ததில் ஒரு பாரை கிடைத்தது. நல்ல இழுவை. பதினொரு மணிக்குத் தண்ணீரில் கால் வைத்தால் வெந்நீர். இந்தச் சூடு நாட்கணக்கில் இறங்காமல் நின்றால் முருகை வெளுத்துவிடும். 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கரைகளில் அப்படிப் பெருமளவில் வெளுத்தது. இன்று நான் பார்த்த இடத்தில் நிறம் நன்றாகவே இருந்தது. காற்றில்லாத கடல் மீன்பிடிகாரருக்கு நல்லது, ஆனால் முருகைக்கு அதே அமைதிதான் ஆபத்து. அலை கலக்காத தண்ணீர் மேலிருந்து சூடேறிக்கொண்டே போகும்.

ஏப்ரல் 14, புத்தாண்டு

இன்று தொழில் இல்லை. கோயில், கைவிசேடம், சோறு.

பன்னிரண்டு பத்துக்கு முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி வைத்தோம். நிழலே இல்லை. சூரியன் இந்த மாதத் தொடக்கத்தில் தெற்கே இலங்கையின் உச்சிக்கு வந்து, வடக்கு நோக்கி ஏறி, புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடித் துள்ளினார்கள்.

பின்னேரம் தெற்கே கறுத்து இடி முழங்கியது. இந்த மாதத்தில் கடலில் ஆளைக் கொல்வது அலையை விட மின்னல்தான். திறந்த வள்ளத்தில், நாலு பக்கமும் தட்டையான தண்ணீரில், உயர்ந்து நிற்கிற ஒரே பொருள் மனிதன். மத்தியானத்துக்குப் பிறகு முகில் கட்டினால் வலையை விட்டுவிட்டாவது கரைக்கு வர வேண்டும் என்று மாமா இரண்டு முறை சொன்னார். நாளை இரவு அவரோடு கடலுக்குப் போகிறேன்.

ஏப்ரல் 16, மயிலிட்டி

நேற்று எழுத நேரமில்லை, இரவு முழுவதும் கடலில். இன்று பகல் தூங்கி எழும்பி எழுதுகிறேன்.

மாமா மயிலிட்டி ஆள். 1990 இல் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தவர்கள். 2017 ஆடியில் துறைமுகத்தோடு சேர்ந்த காணி இராணுவத்திடமிருந்து விடுபடும்வரை 27 வருடம் வல்வெட்டித்துறைப் பக்கம் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு, சொந்தத் துறையைக் கடலில் இருந்து மட்டும் பார்த்தவர். போருக்கு முன் இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று மயிலிட்டி. இப்போது அணையும் இறங்குதுறையும் திருத்தப்பட்டு வள்ளங்கள் நிற்கின்றன.

நாலு மணிக்கு வெளிக்கிட்டோம், மாமா, அவருடைய மகன், நான். பைபர் வள்ளம், வெளியிணைப்பு இயந்திரம். எரிபொருள் மண்ணெண்ணெய். 2022 ஆவணியில் ஒரே இரவில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போன பிறகு, எவ்வளவு தூரம் ஓடுவது என்பதை மீனை விட எண்ணெய்தான் தீர்மானிக்கிறது என்றான் மச்சான். காற்றில்லாத கடலில் எண்ணெய் மிச்சம். எதிர்க்காற்றில் ஓடுவதற்கும் இப்படி வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதாம்.

தெற்கிலிருந்து மெல்லிய காற்று. சோழகத்தின் முதல் மூச்சு அது. தெற்கிலிருந்து வருவதால் நிலம் மறைத்துவிடுகிறது, மாதகலிலிருந்து பருத்தித்துறை வரை கரையோரம் சுருக்கமே விழாத தண்ணீர். கரை மங்கினதும் இயந்திரத்தை நிறுத்தி, நீரோட்டத்தோடு மிதந்து போகிற வழிச்சல் வலையை இறக்கினோம். மாமா கையால் தண்ணீரைத் தொட்டு, மிதவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார். எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்று கேட்டேன். “நீர் போற பக்கம் பார்த்தனான் மருமோன். நேற்றையை விட இண்டைக்கு இழுவை கூட. அமாவாசைக்கு ரெண்டு நாள்தானே.” சந்திரன் விடியப்புறம்தான் வரும். இருட்டில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியாது, அதனால் தேய்பிறைக் கடைசியில்தான் வழிச்சலுக்கு நல்ல மீன்.

வலை விட்டபின் சாப்பிட்டோம். இடியப்பம், பருப்பு, மாசிச் சம்பல். அப்புறம் மாமா வடக்கே காட்டினார். ஒன்றுமில்லை, இருட்டு.

“போன கிழமை வந்திருந்தால் அதில ஒரு திருவிழா மாதிரி வெளிச்சம் பாத்திருப்பீர்.”

இழுவைப்படகுகளின் வெளிச்சம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம்பெருக்கட்டும் என்று அவர்களுடைய அரசு போட்ட தடை அது. அதன் முதல் இரவில்தான் நாங்கள் வலை விட்டுக்கொண்டிருந்தோம். மற்றக் காலத்தில் வாரத்தில் மூன்று நாள் அந்தப் படகுகள் வரும். அந்த இரவுகளில் இவர்கள் வலை விடுவதில்லை. விட்டால் இழுவை மடி வலையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். கடன் பட்டு வாங்கிய வலை ஒரே இரவில் கயிறும் மிதவையுமாகத் திரும்பும். மாமாவுக்கு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

இழுவைப்படகில் வருகிறவரும் கூலிக்கு வருகிற தமிழர்தான், அது மாமாவுக்கும் தெரியும். அவர்கள் மேல் கோபமாக ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. “அங்கால அள்ளி முடிஞ்சுது, அதுதான் இஞ்சால வாறாங்கள். இஞ்சையும் முடிஞ்சால் ரெண்டு பேரும் எங்கை போறது?” நேற்று நெடுந்தீவில் பார்த்த புல்லை நினைத்தேன் — இல்லை, அது முந்தாநாள். இழுவை மடியின் கனத்த அடிக்கயிறு அந்தப் புல்லை வேரோடு உழுதுகொண்டு போகும். இலங்கை 2017 ஆடியில் அடிமட்ட இழுவையைச் சட்டத்தால் முழுதாகத் தடை செய்தது. சரியான சட்டம். குருநகர்ப் பக்கத்தில் சிறு இழுவைமடி வைத்திருந்தவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கு வழி காட்டியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். எதிர்ப்பக்கம் வருடத்தில் 61 நாள் மட்டும் ஓய்கிற கடல், மீதி நாட்களிலும் அடியை உழாத கடலாக மாற வேண்டும். அதற்குக் குறைந்த எந்தத் தீர்வும் இந்த மக்களுக்குப் போதாது.

மூன்று மணிக்கு வலை எடுக்கத் தொடங்கினோம். முதல் துண்டில் சொறி (ஜெலிமீன்), சொறி, சொறி. சூடு ஏறினால் இது கூட்டமாக வரும். கைக்குச் சுணை, வலைக்குப் பாரம். அதை உதறி உதறித் தோள் இறங்கிவிட்டது. பிறகு கும்பிளா வரத் தொடங்கியது. இடையிடையே சூரை. கடைசித் துண்டுக்கு முந்தினதில் இரண்டு அறக்குளா, ஒன்று என் கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாமா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஐஸ் பெட்டிக்குள் மெதுவாக வைத்தார். வலையில் ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை.

கரையில் கூறினபோது நல்ல விலை போனது. புத்தாண்டு விடுமுறையில் பலர் தொழிலுக்குப் போகவில்லை, சந்தையில் மீன் இல்லை.

ஏப்ரல் 17, மணற்காடு

வடமராட்சி கிழக்குக்கு வந்தால் யாழ்ப்பாணம் என்றே தோன்றாது. வெள்ளை மணல் மேடுகள், சவுக்கு, எதிரே வங்காள விரிகுடா. இங்கே அலை எங்கள் ஊர் அலைக்குச் சொந்தம். கரையும் சட்டென்று இறங்குகிறது. வாடைக் காலத்தில் பக்கத்தில் போக முடியாத கடல், இப்போது கரைவலைக்குத் தயார். சோழகம் முற்றினாலும் அது முதுகுப் பக்கத்திலிருந்துதான் வரும், ஆகவே மற்றக் கரைகள் ஒதுங்குகிற காலத்தில் இந்தக் கரைக்கு வேலை தொடங்குகிறது.

பாடு ஒன்றில், அதாவது கரைவலை இழுக்கிற இடத்தில், வலை வளைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுத்தார்கள். நானும் ஒரு கயிற்றில் பிடித்தேன், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. மடி கரைக்கு வந்தபோது நிறைய சூடை, நெத்தலி, கொஞ்சம் காரல். குருவிக் கூட்டம் தலைக்கு மேல். உழவு இயந்திரத்தால் கயிறு இழுக்கிற பழக்கம் இந்தக் கரையில் புகுந்து, அதைப் பற்றி வழக்கும் சண்டையும் நடக்கின்றன. இருபது பேருக்குப் பங்கு கிடைக்கிற தொழிலை ஒரு இயந்திரத்துக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே ஆட்கள்தான் இழுத்தார்கள். இழுத்ததற்கு எனக்கும் ஒரு பை சூடை தந்தார்கள்.

திரும்பும் வழியில் உடுத்துறையிலிருந்து வந்த ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். 2004 இல் இந்தக் கரையை ஆழிப்பேரலை துடைத்தெடுத்தது. அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தன் புது வலையின் கண் அளவு பற்றிப் பருத்தித்துறை வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 18, பஸ்ஸில்

வர நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். சித்திரைக்குள் வாருங்கள். வைகாசி நடுவில் காற்று மாறிவிடும், விரிகுடாவில் தாழமுக்கம் உண்டாகிற காலமும் அதுதான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கேட்காமல் வள்ளம் ஏற வேண்டாம். தூண்டிலுக்கு என்றால் விடிய முந்தின ஒரு மணித்தியாலமும் பொழுது பட்டபின் ஒரு மணித்தியாலமும் போதும். இறாலும் சூடைத் துண்டும் காலையில் சந்தையிலேயே வாங்கலாம். தொப்பி, நிறையத் தண்ணீர். சின்ன மீனைத் திருப்பி விடுங்கள்.

மாமாவிடமிருந்து காலையில் அழைப்பு. இரவு அமாவாசை இருட்டில் பக்கத்து வள்ளங்களும் வந்திருந்தனவாம். எல்லோருக்கும் ஓரளவு மீன், ஒருவருடைய வலையும் போகவில்லை. இன்றும் நாலு மணிக்கு இறங்குகிறார்கள்.